திரும்பி விழுந்த நன்றி

மகள் தன் டீச்சருக்கு நன்றி அட்டை செய்ய ஸ்டாம்ப் பேடைத் திறந்தாள். அந்த மை வாசம் என்னைச் சின்ன வயதில் இருந்த வண்டியூர் வீட்டுக்கே இழுத்துப் போனது.

எங்கள் ஸ்டெல்லா டீச்சர் மாற்றலாகிப் போகிற சமயம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, அப்பாவின் ஆபீஸ் மையில் தொட்டு அமுக்கினேன். அட்டை முழுக்க ஊதாப் பூக்கள்! உருளைக்கிழங்கில் ‘நன்றி’ என்று நேராகவே செதுக்கிக் குத்தினால், எழுத்து இடம்வலம் மாறி விழுந்தது. "அம்புட்டும் போச்சே!" அழுதுகொண்டேதான் கொடுத்தேன்.

டீச்சர் கைப்பையிலிருந்த குட்டிக் கண்ணாடியை அட்டைக்கு எதிரே பிடித்தார்; அதில் ‘நன்றி’ நேராகத் தெரிந்தது. "ஏ புள்ள, எனக்கு மட்டும் ரகசியமா எழுதுன மாதிரில்ல இருக்கு!"

"அம்மா, எழுத்து சரியா இருக்கா?"

மகள் செதுக்கி நீட்டிய உருளைக்கிழங்கிலும் ‘நன்றி’ நேராகவே இருந்தது.

"அம்சமா இருக்கு, குத்து!" என்றுவிட்டு, அட்டையோடு கொடுத்தனுப்ப ஒரு குட்டிக் கண்ணாடி தேடி ஓடினேன்.