வெயிலூரில் ஒரு ஹீட்டர் ரிப்பேர்

கார் ஹீட்டரில் சூடு வரவில்லை என்று விருதுநகரில் பட்டறை ஏறிப் போனவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தை மாதம்தான், ஆனாலும் காலை வெயிலே முதுகைப் பொரித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் பட்டறைக்கார பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, உடம்பு நல்லாத்தான இருக்கீக? கண்ணாடிய இறக்கி விடுங்க. வேணுங்கிற மட்டும் சூடு வரும்."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். கூட வந்திருந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு இளைப்பு உண்டு. குளிர்காற்று பட்டால் நெஞ்சு கட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறிப்போவாள். அவளுடைய தங்கையைக் கொடைக்கானலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. என் மனைவிதான் வளர்த்து ஆளாக்கினாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவேண்டியவளுக்கு நாள் முந்திவிட்டது. அங்கேயே பிள்ளை பிறந்தது. எடை கூடுகிற வரைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நாம் போவோம் என்று, மலை ரோட்டில் காரை ஓட்டப் பயந்து பஸ்ஸில் கிளம்பினால், பாதி மலையிலேயே இவளுக்கு இளைப்புக் கண்டு திரும்ப வேண்டியதாயிற்று. அதிலிருந்து பிள்ளையைப் போனில்தான் பார்க்கிறாள். "கன்னத்தக் கிள்ளப் போனா கண்ணாடிதான் கையில தட்டுது" என்று ஒருநாள் சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காரின் ஹீட்டர் ஞாபகமே வந்தது.

"இத முதல்லயே சொல்லப்படாதா?" என்று பாய் பானெட்டைத் தூக்கினார். "எஞ்சினை ஓட விடுங்க. சூடு காட்டுற முள்ளு நடுவுக்கு வரட்டும். எஞ்சினே சூடாகலைன்னா ஹீட்டர் எங்கிட்டுச் சூடாகும்?"

முள் நடுவுக்கு வந்து நின்றது. காற்றும் நன்றாகத்தான் அடித்தது. சூடு மட்டும் இல்லை. எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக உள்ளே போய், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டி ரேடியேட்டரைச் சுற்றிவிட்டு, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். அந்தச் சூட்டைத்தான் ஃபேன் ஊதி விடுகிறது என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டுத் துழாவினார். துழாவியவர் நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு ஹோஸும் உள்ளயே போகல. வெளியவே வளைச்சு, ஒண்ணோட ஒண்ணு கோத்து விட்டிருக்கான். எவம்லே இவன், கூறுகெட்ட பய!"

"நல்லா ஏசுங்க பாய், அவன் காதுல விழட்டும்" என்றாள் என் மனைவி.

பாய் டார்ச் அடித்து, கோத்திருந்த இடத்தை உற்றுப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"விழுந்துருச்சு மதினி. நாந்தேன்."

இந்தக் காரை எங்களுக்கு விற்ற பருப்பு வியாபாரி, கத்திரி வெயிலில் ஏசி குளிரவில்லை என்று இங்கேதான் கொண்டுவந்திருக்கிறார். ஹீட்டருக்குப் போகிற கொதிதண்ணீரை மறித்துவிட்டால் உள்ளே சூடு கசியாது, ஏசி கொஞ்சம் கூடுதலாகக் குளிரும்.

"கத்திரியில வர்ற வண்டிக்கெல்லாம் இதத்தான் செஞ்சு விடுதேன். நம்ம ஊருல ஒருத்தர் சூடு கேட்டு வருவாகன்னு கனாவா கண்டேன்?"

எஞ்சினை ஆறவிட்டு, ஹோஸ்களை உரிய இடத்தில் மாட்டினார். மறுபடி ஓடவிட்டோம். அப்போதும் சூடு வரவில்லை. என் மனைவி கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள். பாய் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று சுட்டது, மற்றது குளிர்ந்து கிடந்தது.

"போற தண்ணி திரும்பி வரல. உள்ள அடைப்பு. கூலண்டுக்குப் பதிலா போர் தண்ணிய ஊத்தியிருக்காரு மனுசன். நம்ம ஊரு உப்பு சும்மா விடுமா?"

ஹோஸைக் கழற்றி, தண்ணீரைத் திரும்பி வருகிற வழியாக உள்ளே பாய்ச்சினார். முதலில் டீத்தூள் மாதிரி துரு வந்தது. பிறகு வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு. தெளிந்த தண்ணீர் வருகிற வரை விட்டு, புதுக் கூலண்ட் ஊற்றி, குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே கையை நீட்டினேன். இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது.

கூடவே ஒரு தூசி வாடை. இவளுக்கு அதுவும் ஆகாது. அந்த வாடை போகிற மட்டும் ஓடட்டும் என்று பாய் கதவுகளைத் திறந்து போட்டார். வாடை போனதும் என் மனைவி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றினாள்.

"ஏ, வெந்து போவ!"

"மலையில போயி மூச்சு முட்டுறதுக்கு இங்கனயே பாத்துருவோம். நீங்களும் ஏறுங்க."

உச்சி வெயிலில் ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு, இரண்டு பேரும் ஊர்வலச் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தோம். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக வந்து பார்த்தார்கள். இவள் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போகிறவள். "கம்பெனியில நாள் பூரா சூட்டுக்குப் பயந்து சாகுதேன். இங்க நானே கேட்டு வாங்கி உக்காந்திருக்கேன்" என்று வேர்வை வழியச் சிரித்தாள். நான் தாங்க மாட்டாமல் கதவைத் திறந்து ஓடிவந்துவிட்டேன். அவள் இருந்தாள். நெஞ்சில் விசில் சத்தம் வருகிறதா என்று தன் மூச்சைத் தானே கேட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கே போவம்" என்று இறங்கினாள்.

மலையில் பனி ரோட்டை மூடிக் கிடந்தது. காருக்குள் வெதுவெதுப்பு. இளைப்புக்கு இழுக்கிற மருந்தை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டு வாசலில் பிள்ளையைப் போர்வையில் பொதிந்து வைத்துக்கொண்டு மச்சினி நின்றாள்.

"உள்ள வாங்கக்கா, அத்தான் நீங்களும் வாங்க."

"உன் வீடு குளுந்து கிடக்கும்ட்டி. நீ ஏறு முதல்ல."

மச்சினி பின்சீட்டில் அக்கா பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிள்ளை கை மாறியது. என் மனைவி அதன் கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், போர்வைக்குள் கையை விட்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். பிறகு அக்காளும் தங்கையும் பேச ஆரம்பித்தார்கள். நான் ஓர் ஓரத்தில் கண்ணாடியைத் துளி இறக்கிவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து சகலை டீயைக் காருக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

"வண்டிய அமத்திராதீங்க" என்று பின்னாலிருந்து என் மனைவி மெதுவாகச் சொன்னாள். பிள்ளை அவள் மடியில் உறங்கியிருந்தது.

பக்கத்தில் பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்று சகலையிடம் விசாரித்து வைத்துக்கொண்டேன்.