அறுவடைக்குப் பின் வந்த மக்காச்சோளம்

பஞ்சம் வந்த நாடுகளுக்கு அமெரிக்க அரசாங்கம் தானியம் அனுப்பும். அதற்குக் கப்பல் ஏற்பாடு செய்யும் ஹூஸ்டன் கம்பெனி ஒன்றில் கிருபாராணிக்கு வேலை. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் வீடு. பசித்தவர்களுக்குச் சாப்பாடு போகிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

2006-ல் அவர்கள் சர்ச்சுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு போதகர் வந்தார். சாப்பிடும்போது கிருபாராணி தன் வேலையைப் பற்றிச் சொன்னாள்.

“எங்கள் ஊருக்கும் மூட்டைகள் வந்தன. ஆனால் பசியில் செத்தவர்களை அதற்கு முன்பே புதைத்துவிட்டோம். வயலும் விளைந்துவிட்டது. மக்காச்சோளம் இலவசமாகக் கிடைக்கும்போது என் தம்பி விளைவித்ததை யார் வாங்குவார்கள்?” என்றார் போதகர்.

அவர் நாட்டுக்குத் தானியம் கொண்டுபோன கப்பலை ஏற்பாடு செய்தவளே கிருபாராணிதான். தானியத்தை அமெரிக்காவில்தான் வாங்க வேண்டும், பெரும்பகுதி அமெரிக்கக் கப்பலில்தான் போக வேண்டும் என்பது சட்டம். கப்பல் கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

பஞ்சம் வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தானியம் வாங்கலாம் என்று வாஷிங்டனில் அப்போது பேச்சு நடந்தது. கம்பெனி அதை எதிர்த்தது. மேனேஜர் சுந்தரராமன் அவளைக் கூப்பிட்டார்.

“நம்ம ஷிப்மென்ட்தான் ஃபாஸ்ட்னு ஒரு ரிப்போர்ட் ரெடி பண்ணும்மா.”

“அது உண்மையில்லையே சார். அங்கேயே வாங்கினா சீக்கிரம் போய்ச் சேருமே.”

“இங்க இருக்கிற விவசாயிக்கும் கப்பல்காரனுக்கும் லாபம் இருக்கிறதாலதான் வாஷிங்டன்ல இதுக்கு ஓட்டே விழுது. அது இல்லேன்னா யாரு பணம் தருவா? அப்புறம் ஒரு மூட்டைகூடப் போகாது.”

அன்று மாலை அதை வீட்டில் சொன்னாள்.

கணவன் சாந்தகுமார் பயந்தான். “நம்ம கிரீன் கார்டு கம்பெனி கையிலதான் இருக்கு ராணி. இப்ப போய் ஆர்க்யூ பண்ணாத.”

அவள் தாமதங்களையெல்லாம் உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள். சுந்தரராமன் கோபப்படவில்லை, அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை மேலே அனுப்பத் தயாரானார். “அப்ப என் பேரையும் எடுத்துடுங்க சார்” என்று கேட்டாள். எடுத்துவிட்டார். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

சட்டம் மாறவில்லை. இரண்டு வருடம் கழித்து கிரீன் கார்டு வந்தது. வேறு வேலை தேடலாம் என்றான் சாந்தகுமார். அந்தச் சமயம் இன்னொரு நாட்டில் மழை பொய்த்திருந்தது. கிருபாராணி வேலையை விட்டுப் போகவில்லை. கப்பல் கம்பெனிகளோடு சண்டை போட்டு, சரக்கை வழக்கத்தைவிட முன்னதாகவே ஏற்றவைத்தாள். அந்தக் கப்பல் அங்கே யாரைக் காப்பாற்றும், யார் பிழைப்பைக் கெடுக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்வதற்கு அலுவலகத்திலும் யாரும் இல்லை.