கழுவிக் கொடுத்த கோதுமை

மயூர் விஹாரில் கடை மாற்றிக் கோதுமை வாங்கினேன். தானியங்களில் களைக்கொல்லி மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், “கொஞ்சம் குடு, பாத்துடலாம்” என்றார். மாவு மில்லுக்கு அப்படியே கொட்டி அனுப்புகிறவள்தான் நான். ஆனால் அவர் ஆபீசுக்குக் கோதுமை தூசியோடு போனால் என் மானம் என்னாவது? மூன்று தண்ணீரில் கழுவி, பால்கனியில் உலர்த்திக் கொடுத்தேன்.

சோதனையில் தேறிவிட்டது. உடனே ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். அன்று சாப்பிடும்போது, “பளபளன்னு இருந்துதா? கழுவியில்ல குடுத்தேன்” என்றேன் பெருமையாக.

அவர் சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். “மருந்த நீ கழுவி விட்டுட்டு, எங்கள தேடச் சொன்னியா?”

மறுநாள், முதலில் வாங்கியதில் மிச்சமிருந்த கழுவாத கோதுமை ஆய்வகம் போனது. களைக்கொல்லி அளவுக்கு மேல் இருந்தது. நல்லவேளை, மூட்டையைப் பிரிக்கவில்லை, கடைக்கே திரும்பியது.

இப்போது மில்லுக்குப் போவதைத்தான் கழுவுகிறேன். ஆய்வகத்துக்கு அப்படியே கொடுக்கிறேன். அவரோ கோதுமைப் பைக்குள் கைவிட்டு, விரலில் தூசி ஒட்டிய பிறகுதான் கிளம்புகிறார்.