மத்தியானம் ஒன்றரைக்கு அறுகிற லைன்

நேரில் பார்த்தே இராத மிஷினுக்கு, நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, போனிலேயே வைத்தியம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் நீங்கள் நம்ம ஆள். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களும் படிக்கலாம்.

என் வேலை கிரிப்டோ மைனிங் மிஷின்களைத் தூரத்திலிருந்து மேய்ப்பது. கிரிப்டோ என்பது கையில் தொட முடியாத, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற காசு. அதைச் சம்பாதிக்க இந்த மிஷின்கள் ராப்பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்டர்நெட் அறுந்தால் போட்ட கணக்கு எங்கேயும் போய்ச் சேராது. நாற்பது மிஷினும் ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், பழைய அட்டைப்பெட்டி கம்பெனி ஷெட் ஒன்றில் இருந்தன. முதலாளி பெங்களூரில். நானோ ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், ஒரு தொடையில் லேப்டாப், மறு தொடையில் ஒன்றரை வயது யாழினி. மைனிங் என்றதும் எங்கள் தெருவில் எல்லாரும் கிரானைட் குவாரி என்றுதான் நினைத்தார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

ஷெட்டில் எனக்குக் கையும் காலுமாக இருந்தவர் வாட்ச்மேன் வெங்கடப்பா அண்ணன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி போட்டுக்கொண்டிருந்தவர். இரண்டு வருஷம் தொடர்ந்து யானை இறங்கி மிதித்துவிட்டுப் போனதும், மாடுகளை விற்றுவிட்டு மனைவி ரத்னம்மாவோடு இங்கே வந்துவிட்டார். ஷெட்டின் மூலை அறைதான் அவர்களுக்கு வீடு. முதலில் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். போனில் யாழினி அழுகிற சத்தம் கேட்ட அன்றைக்கே 'செல்விம்மா' ஆகிவிட்டேன்.

கெம்பி படுத்த கதை

புதிதில், "பதினேழாம் நம்பரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா" என்பேன். ஸ்கிரீனில் பன்னிரண்டு அணையும். இருபத்தொன்று என்றால் பதினொன்று போகும். அண்ணன் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. ஒரு நாள் அவரே, "நம்பர் வேணாம்மா. நான் பேர் வெச்சிருக்கேன், பேரைச் சொல்லு" என்றார். கெம்பி, கௌரி, கரியன் என்று அவர் வளர்த்த மாடு, பங்காளி வீட்டு மாடு, பக்கத்து ஊர் மாடு எல்லாம் சேர்த்து நாற்பது பேர். பெட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டால், "ஒவ்வொண்ணுக்கும் மூச்சு வேறம்மா" என்கிறார். ஃபேன் சத்தத்தைச் சொல்கிறார்.

வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டு, சாஃப்ட்வேரிலும் அதே பெயர்களைப் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் "கெம்பி படுத்துட்டா, எழுப்புங்கண்ணா" என்றால் போதும், ஒரு தடவைகூட மிஷின் மாறவில்லை. இதை முதலாளியிடம் சொல்ல மட்டும் மறந்துபோனேன். மறுநாள் அவர் போன் செய்து, "ஏம்மா, நான் திறந்து பார்க்கிறது மைனிங் ஸ்கிரீனா, மாட்டுச் சந்தையா?" என்றார்.

பின்வரிசைச் சூடு

ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. ஊரே குளிர்ந்து கிடக்கிறது, எனக்கு மட்டும் பின்வரிசை மிஷின்களில் சூடு ஏறுவதாக அலாரம் அடிக்கிறது. ஃபேன் ஓடுகிறது. சுத்தம் பண்ணி இரண்டு நாள்தான் ஆகிறது. வீடியோ காலில் பின்பக்கம் காட்டச் சொன்னேன். கேமரா திரும்பியது. மிஷின்கள் சூடான காற்றைத் தள்ளுகிற பக்கம் முழுக்கக் கயிறு கட்டி, போர்வை, புடவை, அண்ணனின் காக்கிச் சட்டை. கீழே ஒரு முறத்தில் மிளகாய்.

திட்டத்தான் வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் கட்டில் கால், நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி என்று யாழினியின் ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஷெட் மட்டும் என் வீட்டில் இருந்திருந்தால் நானே முதல் ஆளாகக் கயிறு கட்டியிருப்பேன். அதனால், "நாலு அடி தள்ளிக் கட்டிக்குங்க ரத்னம்மாக்கா, மிஷினுக்கு மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னேன். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "வெளிய வந்த காத்து கூடவா முதலாளிக்கு வேணும்?"

ஒன்றரை மணி

மழை விட்டது, இது பிடித்துக்கொண்டது. தினமும் மத்தியானம் ஒன்றரைக்கு நாற்பது மிஷினும் ஒரே நேரத்தில் ஸ்கிரீனிலிருந்து காணாமல் போகும். இருபது நிமிஷம் கழித்துத் தானாக வரும். நான் யாழினிக்கு ஊட்டி, தட்டித் தூங்க வைத்துக் கையை எடுக்கிற நேரம் அது. அலாரம் அடிக்கும், அவள் எழுந்துவிடுவாள். கரண்ட் கோளாறு இல்லை, ஏனென்றால் மிஷின்கள் அணைவதே இல்லை. இன்டர்நெட்டை உள்ளே கொண்டுவருகிற ரவுட்டர் மட்டும் அணைந்து எரிகிறது. அடாப்டரை மாற்றினோம். ரவுட்டரையே மாற்றினோம். புதுசும் சரியாக ஒன்றரைக்குப் போனது. கேமரா இருக்குமே என்பீர்கள். அதுவும் அந்த ரவுட்டர் வழியாகத்தானே வர வேண்டும்?

வெங்கடப்பா அண்ணனைக் கேட்டேன். "மிஷினை யாராவது தொட்டாங்களாண்ணா?"

"ஏமி லேதும்மா, ஒண்ணும் இல்லை. நான் இங்கேயேதான் இருக்கேன். எல்லாம் நல்லா மூச்சு விட்டுட்டு இருக்குது."

பத்தாம் நாள் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணனை நேராகவே போனில் பிடித்துச் சத்தம் போட்டுவிட்டு, என்னிடம் சொன்னார்: "சனிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா அந்த ஆளை அனுப்பிட்டு ஏஜென்சிலேருந்து ஆள் போட்டுடறேன்."

கேபிள்காரர் தீர்ப்பு

வேலை போனால் அவர்களுக்கு வீடும் போகும். அவசரமாகக் கேபிள்காரரை அனுப்பினேன். காலை பத்து மணிக்கு வந்து, கம்பம் ஏறி, ஒயரைத் தடவி, இறங்கினார். ஒன்றரை வரைக்கும் இருந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். சாப்பாட்டு நேரமாம். "லைன் சுத்தமா இருக்குதுக்கா. உங்க நேரம்தான் சரியில்லை" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

பஸ் ஏறினேன்

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் மாறி, ஓசூரில் ஒரு பஸ் மாறி, வழியில் அவள் ஒரு தடவை என் மேலேயே வாந்தி எடுத்து, ஒன்றே கால் மணிக்கு ஜூஜுவாடி ஷெட்டில் போய் நின்றேன். ரத்னம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். அண்ணன் போனில் கேட்ட குரலைவிட ஒல்லியாக இருந்தார். அவருக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம் தாங்கவில்லை. கெம்பி, கௌரி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

ஒன்றரை ஆனது. "இரும்மா, ஒரு வேலை இருக்குது" என்று கையைக் கழுவினார். தோள் துண்டால் துடைத்துக்கொண்டார். நேரே ரவுட்டரிடம் போய் ஒயரைப் பிடுங்கினார். என் பையில் போன் அலறியது. அவர் ரவுட்டரை மேஜை மேல் வைத்துத் துடைத்தார். பிறகு முறத்தை எடுத்து அதற்கு விசிற ஆரம்பித்தார்.

"என்னண்ணா பண்றீங்க?"

"நீ சொன்னதுதாம்மா. இந்த மழையில ஒரு நாள் லைன் வரலைன்னப்ப, டப்பாவை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் ஆற விட்டு ஆன் பண்ணுங்கன்னியே. உடனே சரியாப் போச்சு. அதான் தினம் ஒரு வேளை பண்றேன். தொட்டுப் பாரு, காய்ச்சல் மாதிரி சுடுது. ஏர் மாட்டைக்கூட உச்சி வெயில்ல அவுத்து விடுவோம்."

"தொட்டீங்களான்னு கேட்டப்ப இல்லைன்னீங்களே?"

"மிஷினைத்தானே கேட்ட? அதை நான் தொடலையே."

நான் அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கினது அவர் கை என்றாலும் மருந்துச் சீட்டு என்னுடையது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. விசிறுவது மட்டும் நிற்கவில்லை. ரத்னம்மா யாழினியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார்: "முதலாளி கத்தினதுலேருந்து சோறு இறங்கலை இவருக்கு. ரெண்டு வேளையா ஆத்தி விடலாமான்னு ராத்திரிதான் என்னைக் கேட்டாரு."

முதலாளிக்குப் போன்

ஷெட் வாசலில் லாரிச் சத்தத்துக்கு நடுவில் நின்று முதலாளியைக் கூப்பிட்டேன். அடாப்டர் கோளாறு, சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கு வேறு ஏதாவது ஆனால் பழி மறுபடியும் அண்ணன் தலையில்தான் விழும். அதனால் உள்ளதைச் சொன்னேன். நான் சொன்னதைத்தான் அவர் செய்தார், எப்போது நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது. இதற்கு என் வேலை போகும் என்றால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். இருமுகிறார் என்று நினைத்தேன், சிரித்திருக்கிறார்.

"சரி, அவரே இருக்கட்டும். இனிமே மருந்து சொன்னா எத்தனை வேளைன்னும் சேர்த்துச் சொல்லும்மா."

தூரத்திலிருந்தே பார்க்கிற வேலையில் பாதி, நாம் சொன்னது அந்தப் பக்கம் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதுதான்.

உள்ளே போய், வேலைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் டப்பாவை மட்டும் இனி நான் சொல்லாமல் தொடக் கூடாது என்றேன். ரத்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். வெங்கடப்பா அண்ணன் ரவுட்டரை இருந்த இடத்திலேயே வைத்து, ஒயரைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இனி தொடலைம்மா. ஆனா முதலாளி நல்ல மூடுல இருக்கும்போது சொல்லி, இதுக்கும் ஒரு சின்ன ஃபேன் வாங்கி வெக்கச் சொல்லு. நாப்பதுக்கும் காத்து வருது, இது ஒண்ணுதான் வேர்த்துட்டு நிக்குது."