முறத்தில் வைத்த ஐந்து ரூபாய்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மா. நான். தீவின் தெற்கே சுரினாம் என்ற ஊரிலிருந்து வந்த சின்னம்மா. அவளுடைய கணவர்; அவர் உள்ளே வராமல் வாசற்படியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது ஆள் பக்கத்து வீட்டு அக்கா, என் கலியாண ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தவள். வேறு யாரும் இல்லை. இதை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சன்னல் திறந்திருந்ததா, தெருவில் யாராவது நின்றார்களா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

என் மகள் நூலகத்திலிருந்து பிரெஞ்சுப் புத்தகங்கள் கொண்டுவருகிறாள். அவற்றில் தத்துப்பிள்ளைகள் வளர்ந்து, பெற்ற தாயைத் தேடிக் கண்டுபிடித்து, கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். படித்தால் மனதுக்குத் தைரியம் வரும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. மகள் படித்துவிட்டு அந்தக் கதைகளைச் சொல்லத் தொடங்கினால் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தேடவில்லை. எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை கோயிலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கலியாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அரசாங்கப் பதிவுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். என் பத்திரம் புயலில் போய்விட்டது என்றுதான் அம்மா எப்போதும் சொல்லுவாள். ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் பத்திரம் கேட்டபோதும் அதையே சொன்னாள். நகல் வாங்கலாமே என்று ஆசிரியை சொன்ன மறுநாள் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். "படிச்சு என்ன ஆகப்போவுது, கையிலே தொழில் இருக்கட்டும்" என்றாள். ஒரு வீட்டின் பின்கட்டில் கம்பளிச் சட்டைகளின் நூல்முனை வெட்டப் போனேன். பிறகு தொழிற்சாலைகள் பெருகி, ஆள் கிடைத்தால் போதும் என்று எடுத்த காலத்தில் பெரிய தொழிற்சாலைக்குப் போனேன். நான் மக்கு என்பதால்தான் அம்மா நிறுத்தினாள் என்று எட்டு வருடம் நம்பியிருந்தேன்.

எனக்கு நிச்சயமானவர் கடற்கரை ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்களோடு பழகிப் பழகி எந்த அலுவலகத்துக்கும் பயமில்லாமல் போவார். தலைநகர் போர்ட் லூயிக்குப் போய் என் பெயரையும் அம்மா அப்பா பெயரையும் கொடுத்துத் தேடச் சொன்னார். குமாஸ்தா புத்தகத்தை மூடிவிட்டு, இப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்றாராம். அவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். மூன்றாம் நாள் அம்மா சுரினாமுக்கு, சின்னம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

சின்னம்மா என்று கூப்பிட்டாலும் அவள் எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது, என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போ பசான் ஊருக்குக் குடிவருவதற்கு முன், கரும்புத் தோட்டத்தில் பக்கத்து வீடு. தைப்பூசக் காவடிக்கு வருவாள். என் பக்கம் வரமாட்டாள். பழத்தை அம்மா தட்டில் வைத்து, "உன் பிள்ளைக்குக் குடு" என்பாள். ஒருமுறை கோயில் வாசலில் நான் விழுந்து முட்டி கிழிந்து, அவள் காலடியிலேயே கிடந்து அழுதேன். அவள் குனியவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்று, "அக்கா, உன் பிள்ளை விழுந்திட்டா, ஓடி வா!" என்று கத்தினாள். இவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று அன்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். அதில் என் பெயர் இருந்தது. தாய் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

எங்கள் வீட்டுப் பேச்சு, தீவில் எல்லோரும் பேசும் கிரியோல்தான். தமிழ் நான் கோயில் வகுப்பில் கற்றது. அன்று பேசியதை என்னால் முடிந்தவரை தமிழில் எழுதுகிறேன்.

அம்மாதான் சொன்னாள், என்னைப் பார்க்காமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல். சின்னம்மாவுக்கு எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தன. நாலாவதைக் காப்பாற்ற, நம்மவர்கள் செய்வதுபோல, பிறந்ததும் முறத்தில் போட்டு வேறொருத்திக்கு விற்றார்கள். பிள்ளை அவளுடையது இல்லை என்று ஆகிவிட்டால் சாவு தேடி வராது என்று நம்பிக்கை. வாங்குகிறவள் ஒரு படி தவிடு கொடுப்பாள். ஒரு வருடம் கழித்துப் பெற்றவள் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். அதுவரை தொடக்கூடாது, என் பிள்ளை என்று சொல்லக்கூடாது.

"அன்னைக்குப் பார்த்து மாடு தவிட்டையெல்லாம் தின்னுட்டுது," என்றாள் அம்மா. "நல்ல நேரம் போவுதுன்னு வாசல்லே இருக்கிற அந்த மனுஷன் கத்துறார். கையிலே இருந்த அஞ்சு ரூபாயை முறத்திலே வச்சேன்."

"ஆயோ, அஞ்சு ரூபாய்க்கா!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, அளவு நாடா கழுத்தில் தொங்க. "இப்ப அதுக்குத் தெருக்கடையிலே ரெண்டு தால்பூரி ரொட்டிதான் வரும். நல்ல பேரம் பண்ணியிருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. அவள் நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள்.

சின்னம்மா தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தாள். பத்திரத்தின் பக்கத்தில் வைக்காமல் அம்மாவை நோக்கி நீட்டினாள்.

"வாங்கிக்க அக்கா. கலியாணத்திலே ஒரு தரம், ஒரே ஒரு தரம், பிள்ளையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணணும்."

"வாங்கினது வாங்கினதுதான். திருப்பி எடுத்துக்க நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

"ஒரு வருஷம்னுதானே பேச்சு."

"வருஷம் முடிஞ்சப்ப எங்கே போனே?"

"வந்தேன். இதே படி வரைக்கும் வந்தேன். உள்ளே பிள்ளை கொழுகொழுன்னு தவழ்ந்துக்கிட்டிருந்தது. தொட்டா போயிடுமோன்னு பயம். இன்னும் ஒரு வருஷம் போவட்டும், நடக்கட்டும்னு திரும்பிட்டேன்."

"நடந்தப்புறம்?"

"காது குத்தட்டும்னு நினைச்சேன். அதுக்குள்ளே அடுத்தது பிறந்து பத்தாம் நாள் போயிடுச்சு. பிறகு எந்தக் கையாலே வந்து இதை வாங்குவேன், சொல்லு?"

வாசற்படியில் அவள் கணவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அழவில்லை. கோபமாகவும் இல்லை. "எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு," என்றாள். "உனக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?"

"துரோகமா? நீ இல்லேன்னா இது ஏது?"

நோட்டு இருவருக்கும் நடுவில் நின்றது. அம்மாவின் கை மேசை விளிம்பிலிருந்து லேசாக எழுந்ததைப் பார்த்தேன். வாங்கத்தான் எழுந்ததா, தள்ளத்தான் எழுந்ததா, தெரியாது. நான் கத்தினேன்:

"வாங்காதேம்மா!"

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பார்த்தியா, என் பிள்ளை," என்றாள். சின்னம்மா நோட்டை மறுபடி தலைப்பில் முடிந்தாள். முடிச்சு ஒழுங்காக விழ நேரமாயிற்று. "சரி. உன் பிள்ளை நல்லா இருக்கட்டும்," என்றாள். பத்திரத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அவர்களைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் கத்தியது அம்மாமேல் இருந்த பாசத்தால் என்று அம்மா நினைத்தாள். பெற்றவளை வேண்டாம் என்றேன் என்று சின்னம்மா நினைத்திருப்பாள். இரண்டும் இல்லை. எனக்கு மூன்று பிள்ளைகள்தான் கண்முன் நின்றன, பிறகு அந்தப் பத்து நாள் பிள்ளையும். ஐந்து ரூபாய் கைமாறினால் நான் மறுபடி அவளுடையவள் ஆகிவிடுவேன், அடுத்தது நான்தான் என்று பயந்தேன். கலியாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. சாகப் பயந்து கத்தினேன். அதை இருவரிடமும் சொல்லவில்லை.

பதிவு நடந்த அன்று அதிகாரி தாயின் பெயரை உரக்கப் படித்தார். சின்னம்மா கடைசி வரிசையில் இருந்தாள். பெயர் கேட்டதும் பாதி எழுந்து, உடனே உட்கார்ந்துவிட்டாள். கோயிலில் எல்லோரும் அட்சதை போட்டார்கள். அவள் தூரத்திலிருந்து வீசியது என்மேல் விழவில்லை, தரையில் விழுந்தது.

என் மகள் பிறந்து பிழைத்தாள். பார், ஒன்றும் ஆகவில்லை, இனி சுரினாமுக்குப் போய், பயத்தில்தான் கத்தினேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைக்கு ஒரு வயசு ஆகட்டும் என்று தள்ளினேன். பிறகு நடக்கட்டும் என்றேன். ஒரு நாள் காய்ச்சலில் கிடந்த மகளுக்கு ஈரத்துணி போடும்போது, காது குத்தட்டும், பிறகு போகலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொன்னதும் கை நின்றுவிட்டது. இந்தப் பயம் நான் எங்கிருந்து கொண்டுவந்தது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்படியும் போகவில்லை.

போன வருடம் சின்னம்மா இறந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அவள் காலைத் தொட்டேன். எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் தொட்டுக்கொண்டது அந்த ஒரு முறைதான். காரியம் முடிந்து கிளம்பும்போது அவள் கணவர் அந்தப் பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தார். "அன்னைக்கு முடிஞ்ச முடிச்சை அவ அவிழ்க்கவே இல்லை. அந்தச் சேலை நைஞ்சு போனப்ப தலைப்பை மட்டும் வெட்டி வச்சிட்டா," என்றார்.

நான் ஐந்து ரூபாய்க்கு விலைபோனதைப் பக்கத்து வீட்டு அக்கா யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் தொழிற்சாலையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் என் காது அங்கேதான் போகும். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் ஆறு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. அந்த நோட்டை அவள் கையில் வைத்தால் என்னவென்று தடவியே கண்டுபிடித்துவிடுவாள். இறந்துபோனவளுக்காக ஒரு முறையாவது கொடுத்துவிடலாம் என்று காலையில் தோன்றும். மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது, அவள் பரீட்சை முடியட்டும் என்று தோன்றும். துணி முடிச்சு பிஸ்கட் டப்பாவிலேயே இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி இன்னும் ஐந்து ரூபாய்.