உடம்பும் ஊர்ச் செய்தியும்

இரண்டே விரல்களால் தட்டச்சு செய்கிறார் மிஸ் ஓதெல்லா. அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார். "காய்ச்சல் ஊசி வந்தாச்சு. வியாழன், வெள்ளி, காலையில ஒம்போதுல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். ஊசின்னா பயப்படுற கால்பந்து வீரர்களே, நீங்க மைதானத்துல முட்டிக்கிறதை நான் பாத்திருக்கேன். இது அதைவிட வலிக்காது." சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்பு வழியாக என்னைப் பார்க்கிறார். "இதுல ஏதாவது தப்பு இருக்கா?" நான் தப்பு என்று சொன்ன எதையும் அவர் இதுவரை திருத்தியதில்லை. ஆனாலும் கேட்காமல் அனுப்ப மாட்டார்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு இது நடக்கும். அவர் வாராவாரம் அனுப்பும் மின்மடலின் பெயர் 'உடம்பும் ஊர்ச் செய்தியும்'. கறுப்பினப் பிள்ளைகளை வேறு எந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிற்கவிடாத காலத்தில், அவர்களுக்கென்றே அலபாமாவில் எழும்பிய பல்கலைக்கழகம் எங்களுடையது. அங்கே வைத்தியம் பார்க்கும் நலமனையில் ஓதெல்லா தலைமைச் செவிலியர். நான் பதினேழு வருடமாக அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். மடல் ஆறாயிரம் பேருக்குப் போகிறது. மாணவர், ஆசிரியர், பெருக்குகிறவர், படித்துவிட்டுப் போன பிறகும் பட்டியலில் முகவரி தங்கிவிட்டவர் என எல்லோருக்கும் போகும்.

அவருக்கு யாரும் சும்மா கை கொடுத்துவிட முடியாது. கொடுத்த கையின் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்துவிட்டுத்தான் விடுவார். புதிதாக வந்த துணைவேந்தர் எங்கள் கட்டடத்தைப் பார்வையிட வந்தபோதும் அதையே செய்தார். "சார், கூட்டம் முடிஞ்சதும் தனியா வாங்க. கொஞ்சம் வேகமா ஓடுது." துணைவேந்தர் வந்தார். இப்போது அவரும் உப்பில்லாமல் சாப்பிடுகிறார், பாவம்.

மடலில் பாதி உடம்பு, பாதி ஊர். தண்ணீர் குடியுங்கள், தேர்வு வாரத்தில் காப்பியைச் சாப்பாடு என்று எண்ணாதீர்கள், வாசலில் உள்ள ஆணுறைக் கூடையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு பக்கம். பாடகர் குழு கிளம்பும் நேரம், தோட்டக்காரர் மிஸ்டர் லூஷியஸுக்கு நாற்பதாவது திருமண நாள், யாரோ நூலகத்தில் கழற்றி வைத்துவிட்டுப்போன பல்செட் என்று இன்னொரு பக்கம். கடைசி வரி மட்டும் எந்த வாரமும் மாறாது: "உங்க பக்கத்து ரூம் கதவை ஒரு தடவை தட்டிப் பாருங்க. யாருக்காவது முடியாம இருக்கும்."

அந்த வரி இருக்கும் இடத்தில் முன்பு நோயாளிகளின் பெயர்கள் இருந்தன. அவருடைய தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். நோயில் கிடப்பவர்கள், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள், பெயர் பெயராக. பெயர் வாசிக்கப்பட்டவர் வாசலுக்கு மதியத்துக்குள் நாலு தட்டுச் சாப்பாடு வந்துவிடும். ஓதெல்லா அந்த வழக்கத்தை அப்படியே மடலுக்குள் கொண்டுவந்திருந்தார். நோயாளி பெயரை வெளியிடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றார்கள். உடனே பெயரை விட்டுவிட்டு, "கிழக்கு விடுதி, மூணாவது மாடி, மொபீல் ஊர்ப் பையன், ட்ராம்போன் வாசிப்பான், சூப் குடிப்பான், வெங்காயம் ஆகாது" என்று எழுதினார். மாணவர் நலத் தலைவர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ் ஓதெல்லா, பேரைத்தான் எழுதலை. மத்த எல்லாத்தையும் எழுதிட்டீங்களே."

"சூப்பு எந்தக் கதவுக்குப் போகணும்னு தெரிய வேணாமா?"

அவரைப் பொறுத்தவரை, ஒருவர் நோயை மறைப்பது அவரைப் பட்டினி போடுவது. இந்த எண்ணத்தால்தான் மகள் அவரை விட்டு விலகிப் போனாள்.

மகள் ஜலீசா இங்கேதான் படித்தாள். ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்துகொள்ளும் நோய் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. குளிரோ களைப்போ கூடினால் எலும்புக்குள் வலி புகுந்துகொள்ளும். எங்கள் மக்களில் இந்த நோயை அறியாத குடும்பம் குறைவு. ஆனால் ஜலீசா அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் பேண்ட் வாத்தியக் குழுவில் இருந்தாள். மூன்றாம் ஆண்டில் அவளைக் குழுத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கோலைப் பிடித்து இருநூறு பேருக்கு முன்னால் நடக்க வேண்டும். மைதானத்தின் நடுவில் முதுகைப் பின்னால் வளைத்து, தொப்பியின் இறகு புல்லில் படும்வரை சாய வேண்டும். எங்கள் ஊரில் கால்பந்தில் தோற்றால்கூட மன்னித்துவிடுவார்கள், அந்தச் சாய்வில் தடுமாறினால் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

பழைய மாணவர்கள் திரும்பி வரும் பெருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு அவளுக்கு வலி வந்தது. இரண்டு நாள் படுத்திருந்தாள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் செவ்வாய் மடலில் எழுதிவிட்டார், இந்த முறை பெயரோடு. பெற்ற மகள்தானே, இதற்கு எந்தச் சட்டம் என்று நினைத்தார். மாலைக்குள் ஜலீசாவின் அறை வாசலில் கோழி, கீரை, சர்க்கரைவள்ளிப் பணியாரம் என்று பதினோரு தட்டுகள் வந்து சேர்ந்தன. மறுநாள் காலை வாத்தியக் குழு ஆசிரியரும் வந்தார். இப்படியொரு நோயை வைத்துக்கொண்டு மைதானத்தில் உன்னை முன்னால் நிறுத்த என்னால் முடியாது என்று சொல்லிக் கோலை வாங்கிக்கொண்டு போனார்.

அம்மாவும் மகளும் எங்கள் நலமனை நடையில் நின்றுதான் பேசினார்கள். நான் மாத்திரை எண்ணுவதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

"உன்கிட்ட நான் சோறா கேட்டேன்?"

"உனக்காக ஊரே வேண்டிக்கிட்டாங்க, கண்ணு."

"என் உடம்பு ஊர்ச் செய்தி இல்லம்மா."

அந்தப் பருவம் முடிந்ததும் சிகாகோவுக்கு மாறிப் போனாள். தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டாள். அதன் பிறகு ஓதெல்லா மடலில் எந்த நோயாளியைப் பற்றியும் எழுதவில்லை, கதவைத் தட்டச் சொல்லும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். இது நடந்து நான்கு வருடம். ஓதெல்லாவின் தங்கை வழியாக எப்போதாவது "நல்லாத்தான் இருக்கா" என்று ஒரு சொல் வரும். தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மடல் பட்டியலில் மட்டும் மகளின் முகவரி அப்படியே இருக்கிறது. "தனியா எழுதுனா தொறக்க மாட்டா. ஊருக்கு எழுதுனா ஒருவேளை எட்டிப் பாப்பா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குமேல் இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பேசவும் வேண்டியதில்லை, மடலே சொல்லிவிடும். அக்டோபரிலும் நாங்களெல்லாம் வேர்வையில் நனைந்துகொண்டிருக்கும்போது மடலில், "கையுறை இல்லாம வெளிய போகாதீங்க. உள்ள ரெண்டு சட்டை போடுங்க" என்று வரும். அவருடைய கணினித் திரையின் மூலையில் சிகாகோவின் குளிர் எத்தனை டிகிரி என்று ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

"மிஸ் ஓதெல்லா, வெளிய முட்டை வச்சா வெந்துரும். எங்களைக் கையுறை போடச் சொல்றீங்களே."

"போடச் சொன்னா போடு ராசா. கைக்கு என்ன, கசக்கவா போகுது."

சிரித்துக்கொண்டு போவார்கள். அவர் திரையின் மூலையை இன்னொருமுறை பார்த்துக்கொள்வார். எனக்கு அந்த நேரத்தில் அலமாரியைத் துடைக்க வேண்டிய வேலை வந்துவிடும்.

பெருவிழாவன்று ரத்த அழுத்தம் பார்க்க ஒரு கூடாரம் போடுவோம். உணவுக் கடைகள் பக்கம் போட்டால் கூட்டம் அள்ளும். ஓதெல்லா ஒவ்வொரு வருடமும் மைதானத்துக்குள் பழைய மாணவர்கள் நுழையும் வாசலருகேதான் போடச் சொல்வார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே மற்றவர் கையில் பட்டையைச் சுற்றுவார். ஆட்டம் தொடங்கி வாசல் வெறிச்சோடிய பிறகுதான் தண்ணீர் குடிப்பார். மூன்று வருடம் அப்படிப் போயிற்று.

இந்த வருடம் நவம்பர் முதல் சனிக்கிழமை. காற்றில் பொரித்த மீன் வாசனையோடு நல்ல குளிரும் இருந்தது. முதல் பாதி ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

"என்னை ஞாபகம் இருக்கா, மிஸ் ஓதெல்லா?"

"மாயிஷா. கிளாரினெட். இரும்பு மாத்திரை குடுத்தா வாங்கிட்டுப் போயி பூந்தொட்டியில போடுவ. கைய நீட்டு."

ஜலீசாவின் அறைத் தோழி அவள். கையை நீட்டிவிட்டு, குனிந்து மெல்லச் சொன்னாள்: "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

ரப்பர்க் குமிழை அழுத்திக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப சொல்லாத" என்றார் ஓதெல்லா.

மாயிஷாவால் அடக்க முடியவில்லை. "பேண்டைப் பாக்கத்தான் வந்திருக்கா. மேக்குப் பக்கம், பன்னெண்டாவது வரிசையில என்கூடதான் உக்காந்திருக்கா. முடிஞ்சதும் கிளம்பிருவா. இந்தப் பக்கமே வர மாட்டேன்னுட்டா." இன்னும் கிட்டக் குனிந்தாள். "ஆனா செவ்வாய்க்கிழமை உங்க மடலைத் தவறாம படிக்கிறா, மிஸ் ஓதெல்லா. படிச்சுட்டு உங்களைத் திட்டுவா. திட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து படிப்பா."

ஓதெல்லா காற்றை மெதுவாக இறக்கினார். "நூத்திப் பத்து, எழுபது. நல்லா இருக்கு." பட்டையை அவிழ்த்து மடித்தார். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தார். "உடம்பு எப்படி இருக்கு?"

மாயிஷாவின் உடம்பைக் கேட்கவில்லை என்பது அவளுக்கே புரிந்தது. "நல்லா இருக்கா. இந்த வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை."

"சரி, போ. போயி அவகூட உக்காரு."

மாயிஷா போனதும் நான் அவரை விடவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க. கூடாரத்தை நான் பாத்துக்கிறேன். கிட்டப் போக வேணாம், தூர நின்னு பாத்தாப் போதாதா? நாலு வருஷம் ஆச்சு."

"எனக்குத் தெரியக் கூடாதுங்கிறா" என்றார் ஓதெல்லா. "அது அவ விஷயம். இதையாவது நான் அவளுக்கு விட்டுக் குடுக்கணும்."

இடைவேளை வந்து, உள்ளே முரசுகள் ஒரேயடியாக முழங்கின. கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பேண்டைப் பார்க்கக் கம்பி வேலிக்கு ஓடினார்கள். ஓதெல்லா இருந்த இடத்திலிருந்து கழுத்தைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை. நேர் எதிரே மேற்குப் பக்க இருக்கைகள் முழுவதும், வரிசை வரிசையாக, முகம் முகமாகத் தெரிந்தது. அவர் எழுந்தார். போகத்தான் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன். அவர் தன் நாற்காலியைத் தூக்கி, திருப்பி, மைதானத்துக்கு முதுகு காட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார்.