நடுவீட்டில் நின்ற ஏணி

லேத்து ஓடும்போது இரும்புச் சுருளும் எண்ணெயும் கலந்து ஒரு சூட்டு வாடை கிளம்பும். என் ஆயுளில் பாதி அந்த வாடைக்குள்ளேயே போயிற்று. ஓசூரில் கள்ளி மண்டிக் கிடந்த மேட்டில் பட்டறை போட்டவன் நான். தண்ணீர் வராது என்று மூன்று பேர் கைவிரித்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். காகிதத்தில் ஒரு கோடுகூடப் போடாமல் இரண்டு மாடி வீடு எழுப்பினேன், இன்றுவரை விரிசல் இல்லை. படித்தது நாலாம் வகுப்பு. இதையும் நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இராது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், ஐம்பதுகளில், எனக்குப் பன்னிரண்டு வயதில், கெலமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊரில் நான் எழுப்பி நிறுத்திய முதல் பொருள் ஓர் ஏணி.

அந்தச் சித்திரையில் குரங்குகள் எங்கள் வீட்டு நாட்டு ஓட்டைப் புரட்டிப் போட்டிருந்தன. முதல் கோடை மழை ஒரு பிற்பகலில் அடித்து, நடுவீட்டில் நின்ற "தொம்பை"க்குள், அதாவது வருடம் முழுவதும் நாங்கள் தின்ன வேண்டிய கேழ்வரகு இருந்த மூங்கில் குதிருக்குள், நேராக இறங்கியது. மேலாக இருந்தது புளித்துவிட்டது. இன்னொரு மழை இறங்கினால் அடுத்த அறுவடை வரைக்கும் களி கிடையாது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, அம்மாவும் நானும்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் மூங்கில் ஏணி இரவல் வாங்கி, அம்மாவே சுவரில் சாய்த்து ஏறினாள். மண்சுவர். தலைப்பகுதி பொலபொலவென்று உதிர்ந்து ஏணி சரிந்தது, அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பெரியப்பா வந்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏணி இருந்தா போதுமா? ஏறறதுக்கு ஊட்டுல ஒரு ஆம்பள வேணாமா?" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான்.

நான் யோசித்தேன். வெளியிலிருந்து ஏறினால் சுவர் தாங்காது. ஓட்டின்மேல் நடந்தால் இருக்கிற ஓடும் உடையும். உள்ளிருந்து கையை மேலே நீட்டித்தான் ஓட்டைத் தள்ளிச் சேர்க்க வேண்டும். ஆனால் நடுவீட்டில் ஏணியை எதன்மேல் சாய்ப்பது? ஓசூர் சாலையில் கரண்ட்டுக் கம்பி கட்ட வந்தவர்களிடம் ஓர் ஏணி பார்த்திருந்தேன். எதன்மேலும் சாயாமல், ரோட்டு நடுவே காலை அகட்டிக்கொண்டு தானே நிற்கும். அதுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஊர் ஆச்சாரி கன்னடக்காரர். கொட்டகையில் மூங்கில் ஏணி ஒன்றும், வைக்கோற்போருக்குச் சாய்க்கிற கனத்த மர ஏணி ஒன்றும் வைத்திருந்தார். இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். நிற்கிற ஏணி கேட்டதும், "ஆகல்லப்பா, ஆகல்ல. ஏணின்னா சாயணும். நிக்கறதுக்கு அது என்ன மாப்பிள்ளையா?" என்று சிரித்தார். கூலிக்குப் பதிலாக எட்டு நாள் அவரோடு ரம்பம் இழுத்தேன், உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ஒன்பதாம் நாள் அவரே பழைய கதவின் கீலைக் கழற்றி, இரண்டு ஏணிச் சட்டங்களைத் தலைப்பக்கம் பிணைத்துக் கொடுத்தார். ஏறினேன். கால்கள் இரண்டும் விலகிக்கொண்டே போய், ஏணி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தாடையில் இருக்கிற தழும்பு அன்றைக்கு வந்தது.

ஆச்சாரி சிரித்து முடிப்பதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது. வேலி தாண்டுகிற மாட்டின் முன்னங்கால்களை அகலவிடாமல் கட்டுவோமே, "தளை", அதே கயிற்றை ஏணியின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே கட்டினேன். ஏறினேன். நின்றது. ஆச்சாரி சிரிப்பை நிறுத்தினார்.

அப்புறம்தான் ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஏணியை மடக்கி, அவர் முன்னால், நான் பின்னால், தோளில் நீளவாக்கில் வைத்துத் தெருவோடு நடந்தோம். இரண்டு நீளக் கட்டை, குறுக்கே துண்டுக் கட்டைகள். பார்ப்பதற்கு அது என்னவாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. தெருப் பெண்கள் உள்ளே போனார்கள். அம்மா கதவைச் சாத்தினாள். "ஏண்டா, ஒரு தடவ இந்த வாசல்ல பாடையப் பாத்தது பத்தலையா? ராகி நனைஞ்சா நனையட்டும். அது உள்ள வரக்கூடாது" என்று உள்ளிருந்தே சொன்னாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அஞ்செட்டி மலைப்பக்கம் மேகம் கருத்திருந்தது.

நான் தெருவிலேயே ஏணியை விரித்து, உச்சிப்படி வரை ஏறி நின்று கத்தினேன். "அம்மா, வந்து பாரு! பாடைக்குக் காலு இருக்குதா? பாடை நிக்குமா?"

கதவு கொஞ்சம் திறந்தது. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி நெடுநேரம் பார்த்தாள். "எதுமேலயும் சாயலியா?"

"இல்ல."

"அப்ப வரட்டும். நிக்கறதுக்குத்தான் உள்ள எடம். என்னிக்காவது படுக்க வெச்சீங்க, அன்னிக்கே வெளிய."

எங்கள் வாசல் குட்டை. தலை குனிந்து வருகிற விருந்தாளிபோல ஏணியைச் சாய்த்து உள்ளே விட்டோம். பொழுது சாய்வதற்குள் ஓடு முழுவதையும் சேர்த்துவிட்டேன். மூன்றாம் நாள் மழை கொட்டியது. தொம்பையில் ஒரு சொட்டு இல்லை. அம்மா கையை உள்ளே விட்டுக் கேழ்வரகை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த ஏணி செய்யாத வேலை இல்லை. மாம்பழக் காலத்தில் மடக்கி மரத்தில் சாய்ப்போம், பொங்கலுக்கு விரித்துச் சுண்ணாம்பு அடிப்போம். பெரியப்பாவே ஒருநாள் இரவல் கேட்டு வந்தார். அம்மா அவரைச் சும்மா விடவில்லை: "எடுத்துக்கோ மாமா. ஏற ஆம்பள வேணும்னா எம் மவனையும் அனுப்பறேன்."

இப்போது அந்த வீடும் ஓடும் தொம்பையும் இல்லை. போன மாதம் என் மகன் அலுமினிய மடக்கு ஏணி வாங்க என்னையும் கூட்டிப் போனான். கடைக்காரப் பையன் விரித்துக் காட்டி, கால்களுக்குக் குறுக்கே இருந்த பட்டையைத் தட்டி, "இதுதான் சார் மெயின், காலு விலகாது" என்று எனக்கே பாடம் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அதைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தாள். நான் இழுத்து நிமிர்த்தி மூலையில் நிறுத்தினேன். "எடத்த அடைக்குது மாமா" என்றாள். அடைக்கட்டும்.

எங்கள் ஊரில் இன்றும் அந்தப் பழைய மர ஏணியை "ஆச்சாரி ஏணி" என்றுதான் சொல்கிறார்கள். மரம் அவருடையது, கீல் அவருடையது, மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்தது படுத்துக்கொண்டது. அதை நிற்க வைத்த கயிறு என்னுடையது. இனிமேல் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.